பெற்றோர் சங்கம் வைத்த உதவியாளருக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம்?

கேள்வி பினாங்குத் தீவில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளரிடமிருந்து வந்தது. சுருக்கம் இதுதான். பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கிறது, பதினொரு பிள்ளைகள். கல்வி அமைச்சு கொடுத்த பி.பி.எம்., அதாவது மாணவர் நிர்வாக உதவியாளர், ஒருவர்தான். அவரால் தனியாகச் சமாளிக்க முடியாததால் மூன்று வருடத்துக்கு முன் சங்கமே ஒரு அம்மாவை வேலைக்கு வைத்துக்கொண்டது. காலை ஏழு மணியிலிருந்து மதியம் ஒன்றரை வரை, வாரம் ஐந்து நாள். மாதம் 900 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), ‘அலவன்ஸ்’ என்ற பெயரில். பள்ளி விடுமுறைக்கு ஒன்றும் கிடையாது. இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதி இல்லை, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி இல்லை. இப்போது அந்த அம்மா ஏதாவது கூட்டித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். செயலவையில் பாதிப் பேர், ‘அவர் சேவையாகத்தானே செய்கிறார், கூட்டினால் சங்கம் தாங்காது’ என்கிறார்களாம். பள்ளியில் சுமார் 180 குடும்பங்கள். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

சம்பளக் கணக்கு எழுதியே பிழைத்தவன், பிறகு ஒரு பள்ளி வாரியத்திலும் உட்கார்ந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

900 வெள்ளி போதாது. சட்டப்படியே போதாது. நியாயம் அதற்கும் மேலே இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

சேவை என்ற பேச்சை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் பந்தல் போட்டு மோர் ஊற்றுவது சேவை. அன்றைக்கு உடம்பு முடியவில்லை என்றால் வராமல் இருந்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இந்த அம்மா ஒரு நாள் வராவிட்டால் தலைமையாசிரியர் உங்களுக்குப் போன் போடுகிறார் இல்லையா? எத்தனை மணிக்கு வரவேண்டும், எந்தப் பிள்ளையைப் பார்க்கவேண்டும், எப்போது போகலாம் என்பதையெல்லாம் பள்ளிதான் சொல்கிறது. மாதா மாதம் பணம் கொடுக்கிறீர்கள். அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி அதுதான். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் 101சி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் மேலே சொன்ன மாதிரி அடையாளங்கள் இருந்தால், அவர் தொழிலாளர், பணம் கொடுப்பவர் முதலாளி என்றே எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்றால் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வவுச்சரில் ‘அலவன்ஸ்’ என்று எழுதியிருப்பது உங்களைக் காப்பாற்றாது.

‘நாங்கள் சின்னச் சங்கம், ஒரே ஒரு ஆளைத்தான் வைத்திருக்கிறோம்’ என்ற சாக்கும் இனி செல்லாது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனபோது, ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கு ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணை 2025 ஜூலை 31-ஆம் தேதியோடு முடிந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஆறரை மணி நேரம், வாரத்துக்கு முப்பத்திரண்டரை. மாதத்துக்குக் கிட்டத்தட்ட 141 மணி நேரம் வருகிறது. நீங்கள் கொடுக்கும் 900-ஐ வகுத்தால் மணிக்கு 6 வெள்ளி 40 காசு கூட முழுசாக இல்லை. மணிக்கணக்கில் வேலை செய்பவருக்குச் சட்டம் வைத்திருக்கும் தரை 8 வெள்ளி 72 காசு. அதன்படி பார்த்தாலே மாதம் 1,230 வெள்ளி ஆகிறது. இடைவேளை அரை மணி நேரத்தைக் கழிக்கலாமே என்று செயலவையில் ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். சிறப்புக் கல்வி வகுப்பில் இடைவேளை நேரத்தில்தான் உதவியாளருக்கு மூச்சு விட நேரம் இருக்காது என்று அவருக்குச் சொல்லுங்கள், அல்லது ஒரு நாள் கேண்டீனில் வந்து நிற்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1,230 என்பது மணிக்கூலி என்று எழுத்தில் தெளிவாக இருந்தால் மட்டும். வெறுமனே ‘மாதச் சம்பளம்’ என்று வைத்துக்கொண்டால் முழு 1,700 தரவேண்டும் என்று வாதாட இடம் உண்டு. பகுதிநேர ஊழியருக்கான 2010-ஆம் ஆண்டு விதிகள் தனியாக இருக்கின்றன. ஆனால் அவை முழுநேர ஊழியரின் மணிநேரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் போகாதவர்களுக்குத்தான். வாரம் 45 மணியில் 70 விழுக்காடு என்றால் முப்பத்தொன்றரை. இவர் அதையும் ஒரு மணி நேரம் தாண்டுகிறார். ஆகவே வெட்கப்படாமல் தொழிலாளர் இலாகாவில் போய்க் கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

அதோடு முதலாளி பங்காக இபிஎஃப் 13 விழுக்காடு, 160 வெள்ளிச் சொச்சம். சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்த்து இருபத்தைந்துக்குள். மொத்தத்தில் சங்கத்துக்கு மாதம் 1,415 வெள்ளி பக்கம் வரும். பன்னிரண்டு மாதத்துக்கு 17,000. இப்போது விடுமுறை மாதங்களைக் கழித்து நீங்கள் கொடுப்பது பத்தாயிரத்துக்குள்தான் இருக்கும். இடைவெளி ஏழெட்டாயிரம். 180 குடும்பத்துக்குப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு நாற்பது, நாற்பத்தைந்து வெள்ளி. சங்கம் தாங்காது என்று சொன்னவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்களா என்று எனக்குச் சந்தேகம்.

அந்த அம்மாவிடமும் ஒன்றை முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். அவர் பங்காக 11 விழுக்காடு இபிஎஃபுக்கும், சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் கொஞ்சமும் பிடிப்பார்கள், கையில் வருவது 1,085 வெள்ளி மாதிரிதான் இருக்கும். சொல்லாமல் விட்டால் முதல் மாதமே ‘1,230 என்றீர்களே’ என்று மனம் நொந்துபோவார்.

இதெல்லாம் தரைமட்டம். நியாயமான சம்பளம் எது என்று தேட வேறெங்கும் போக வேண்டாம், அதே வகுப்பறையில் இருக்கிற அரசாங்க பி.பி.எம்-ஐப் பாருங்கள். அரசு ஊழியருக்கான புதிய ஊதிய முறை 2024 டிசம்பர் 1-இல் தொடங்கியபோது, ஆகக் கீழ்ப்படியில் சேருபவருக்கும் நிரந்தர அலவன்ஸுகளோடு 2,000 வெள்ளிக்கு மேல் வரும்படி செய்தார்கள். அதற்கு முன் அது 1,795 ஆக இருந்தது. அடுத்த கட்ட உயர்வு 2026 ஜனவரியில். விடுப்பு, மருத்துவ வசதி எல்லாம் தனி. இரண்டு பேரும் ஒரே பிள்ளையைத்தான் மாறி மாறிக் கழிப்பறைக்கு அழைத்துப் போகிறார்கள். அவருடைய வேலை நேரம் கொஞ்சம் அதிகம் என்பது உண்மைதான். ஆனாலும் இவருக்கு அவருடையதில் பாதிகூட இல்லை என்பதற்கு நியாயம் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் மணிக்குப் பத்து வெள்ளியில் ஆரம்பித்து, ஒவ்வொரு வருடமும் ஐம்பது காசு ஏற்றுவது என்று எழுதி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அவர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு கேட்கும் நிலைமை இருக்கக் கூடாது.

வேலை என்ன பெரிய வேலை, பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுதானே என்பார்கள். நான் பார்த்த ஒரு வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கழிப்பறை வாசலிலேயே படுத்துப் புரண்டு அழுவான். உள்ளே போகவே மாட்டான். உடை நனைந்து தினமும் வீட்டுக்குப் போவான். ஆசிரியை அட்டைப் படம் காட்டிப் பார்த்தார், மிட்டாய் கொடுத்துப் பார்த்தார். அங்கிருந்த உதவியாளர்தான் கவனித்தார்: பக்கத்துக் கழிப்பறையில் யாராவது ஃபிளஷ் அழுத்தும் சத்தம் வரும்போதுதான் அவன் காதைப் பொத்துகிறான். மறுநாளிலிருந்து மற்ற பிள்ளைகள் போவதற்குள் அவனை முதலில் கூட்டிப்போனார், ஃபிளஷைத் தொடாமல் வாளியில் தண்ணீர் மொண்டு மெதுவாக ஊற்றினார். கொஞ்ச நாளில் பையன் தானாகப் போய்வர ஆரம்பித்தான். எந்தச் சிகிச்சையாளரும் அதைச் சொல்லித் தரவில்லை. அவர் பள்ளியை விட்டுப் போயிருந்தால் அந்த அறிவும் கூடவே போயிருக்கும், அடுத்து வருபவர் மறுபடி முதலிலிருந்து அழுகையைக் கேட்க வேண்டியதுதான்.

வலிப்பு வரும் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் சாவியும் கொடுக்கக் கூடாது, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று கடிகாரம் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் 999-க்கு அழைக்க வேண்டும். நிதானமாக இதைச் செய்யத் தெரிந்த ஆளுக்கு மணிக்கு ஆறு வெள்ளிச் சொச்சம் கொடுத்துவிட்டு, அவர் நிலைத்து நிற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம். குவீன்ஸ்பே மாலில் ஒரு துணிக்கடையில் நின்றாலும் இதைவிடக் கூடக் கிடைக்கும், யாரும் கடிக்கவும் மாட்டார்கள்.

கடிப்பது என்றதும் சொக்சோ ஞாபகம் வருகிறது. பணம் திரட்ட நாளாகும் என்றாலும் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முப்பத்தைந்து கிலோ பிள்ளையைத் தூக்கி முதுகு பிடித்துக்கொள்வது, ஈரமான கழிப்பறைத் தரையில் வழுக்கி விழுவது எல்லாம் இந்த வேலையில் அன்றாடம். சொக்சோவில் பதிந்திருந்தால் சிகிச்சைச் செலவும் வேலைக்கு வர முடியாத நாள்களுக்குப் பணமும் கிடைக்கும். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் அது உண்டு. ஆயர் ஈத்தாமிலிருந்து காலை ஆறரைக்கு மோட்டாரில் மழையில் வருகிறவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. பதியாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்லவேண்டியவர்கள் சங்கத்தின் தலைவரும் பொருளாளரும்தான். ஆளை வைத்த முப்பது நாளுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அது எப்போதோ கடந்துவிட்டது, நாளைக்கே போங்கள்.

விடுமுறைக்குச் சம்பளம் இல்லை என்பது எல்லாப் பள்ளிகளிலும் சத்தமில்லாமல் நடக்கிற விஷயம். வருடக் கடைசியில் பள்ளி மூடுகிறது, அடுத்த தவணைக்குப் புத்தகம், சீருடை, பேருந்துக் கட்டணம் என்று அவர் வீட்டிலும் செலவு நிற்கிறது, அந்த நேரம் பார்த்து வருமானம் பூஜ்யம். ஒன்று, மேலே நான் போட்ட கணக்குப்படி பன்னிரண்டு மாதமும் கொடுங்கள். விடுமுறையில் சில நாள் வரச்சொல்லி போதனைப் பொருள்களைச் சரிசெய்யலாம், முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பலாம். சட்டப்படி அவருக்குரிய வருடாந்திர விடுப்பையும் அதில் கழித்துக்கொள்ளலாம். கட்டவே கட்டாது என்றால், மணிக்கு உரிய தொகையை இன்னும் உயர்த்தி, கிடைக்கும் மொத்தத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டை அவரிடம் பேசுங்கள். அவர் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும்.

பணம் எங்கே? சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர் என்று கேட்டால் கிடைக்கும்தான், ஆனால் அது ஒருமுறை வரும் பணம். ஒருமுறை வரும் பணத்தில் சம்பளத்தை நிறுத்தி வைக்காதீர்கள், அடுத்த வருடம் முழி பிதுங்கும். அதோடு கொடுப்பவர்களுக்கும் மண்டபம், கணினி அறை என்றால்தான் பிடிக்கும். கல்வெட்டில் பேர் போடலாம், சம்பளத்தில் எங்கே போடுவது? முன்னாள் மாணவர்களிடம் போங்கள். மாதம் இருபது வெள்ளி வங்கியிலிருந்து தானாகக் கழியும்படி முப்பது பேர் செய்தால் வருடத்துக்கு 7,200 வந்துவிடும். ஏறக்குறைய உங்கள் இடைவெளி அவ்வளவுதான். ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது உதவியாளர் சம்பளம் முதல் வரியாக இருக்கட்டும். விளையாட்டுப் போட்டிச் சட்டை, பரிசளிப்பு விழா பந்தல், சாப்பாடு எல்லாம் போக மிஞ்சியதில் அவருக்கு என்று வைத்தால் ஒரு வருடமும் மிஞ்சாது.

சிறப்புக் கல்விப் பிள்ளைகளின் பெற்றோரிடம் மட்டும் கூடுதலாக வசூலிக்கலாம் என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதம் 150 வெள்ளி கொடுப்பது எல்லாருக்கும் தெரியும், அதன் மேல் சில செயலவைகளுக்குக் கண் இருக்கிறது. அது பிள்ளையின் பணம். பேச்சுப் பயிற்சி, டயாப்பர், மருத்துவமனைக்குப் போய்வரும் செலவு என்று அந்தக் குடும்பங்கள் ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருக்கின்றன.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த அம்மாவுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டியது உண்மையில் பெற்றோர்களே அல்ல, அமைச்சு. சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019-இல் வந்தது. நல்ல கொள்கை. ஆனால் பிள்ளைகள் வந்த வேகத்தில் கைகள் வரவில்லை. சங்கம் தன் செலவில் ஆளை வைத்துச் சமாளித்துவிட்டால், மேலே இருப்பவர்களுக்குக் குறையே தெரியாது. அதனால் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளின் எண்ணிக்கை, ஒவ்வொருவரின் தேவை, இருக்கிற பி.பி.எம். எத்தனை என்று தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். பினாங்கில் இதைக் கேட்பதற்குத் தயங்க வேண்டியதே இல்லை. காதுகேளாத பிள்ளைகளுக்கு 1954-லேயே பள்ளி தொடங்கிய ஊர் இது. அந்த அம்மாவுக்கே எஸ்.பி.எம்., அதாவது ஐந்தாம் படிவத் தேர்வுச் சான்றிதழ், இருந்தால் பி.பி.எம். வேலைக்கு விண்ணப்பிக்க உதவுங்கள். மலாய்மொழித் தாள் மட்டும் இடிக்கிறது என்றால் அதை மட்டும் மறுபடி எழுத வழி இருக்கிறது. தேர்வுக் கட்டணத்தைச் சங்கம் கட்டினால் குறைந்து போகாது.

துப்புரவு செய்யும் பெண்களையும் வாசலில் நிற்கும் ஜாகாவையும் (காவலாளி) பற்றி ஒரு வார்த்தை. இவர்கள் குத்தகை நிறுவனத்தின் ஆட்கள், சம்பளம் உங்கள் கையில் இல்லை. ஆனால் கண் உங்களுடையது. குத்தகை மாறும்போது அதே ஆள், அதே பள்ளி, அதே துடைப்பம், புது நிறுவனத்தில் ‘புது ஊழியர்’ ஆகிவிடுகிறார். சட்டப்படி ஐந்து வருடம் தாண்டியவருக்கு 16 நாள் வருடாந்திர விடுப்பு, முதல் இரண்டு வருடத்துக்கு 8 நாள். பத்து வருடமாக அதே வகுப்பறையைக் கூட்டுகிற அக்கா 8 நாளிலேயே நிற்பது இப்படித்தான். சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வரவேண்டும். வரவில்லை என்று காதில் விழுந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், வேலை திருப்தி என்று நிறுவனத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் அவர் அதைக் கேட்கட்டும். பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியிலேயே சம்பளம் வந்துவிடும்.

மரியாதை பற்றியும் கேட்டிருந்தீர்கள். மே 16 ஆசிரியர் தினத்தன்று உதவியாளருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தலாமா என்று. போர்த்துங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் இபிஎஃப் கட்டிவிட்டுப் போர்த்துங்கள். அதைவிட அவருக்குப் பிடிக்கப்போவது வேறு. சிறப்புக் கல்விப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனிக் கல்வித் திட்டம் ஒன்று எழுதுவார்கள். ஆசிரியை, பெற்றோர் எல்லாம் உட்காருவார்கள், பிள்ளையோடு அதிக நேரம் இருக்கும் உதவியாளர் வெளியில் மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரை உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலி போடுங்கள். ஆசிரியர் அறையில் பை வைக்க ஓர் இடம். பெயர் எழுதிய அட்டை. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘இன்றைக்கு ஏன் சாப்பாடு மிச்சம்?’ என்று பெற்றோர் கேட்பதற்கு ஒரு தடை. அப்புறம், உடம்புக்கு முடியாதபோது சம்பளத்தோடு விடுப்பு.

இத்தனை சொன்ன பிறகும் செயலவை கையை விரித்தால், மணிநேரத்தைக் குறையுங்கள், மணிக்கான தொகையைக் குறைக்காதீர்கள். ஏழரையிலிருந்து பதினொன்றரை வரை, இடைவேளையும் கழிப்பறை நேரமும் உள்ளடங்கும்படி. வாரம் இருபது மணி, பகுதிநேர விதிக்குள் சுத்தமாக அடங்கும், சங்கத்துக்கும் இன்றைய செலவு போலத்தான் வரும். மற்ற நேரத்தில் அவர் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். சும்மா ‘கொஞ்ச நேரம் இருங்கம்மா’ என்று ஒன்றரை வரை பிடித்து வைக்கக் கூடாது.

கடைசியாகப் பழைய பாக்கி. சின்ன முதலாளிகளுக்கு 2023 ஜூலை முதல் 1,500, 2025 ஆகஸ்ட் முதல் 1,700 என்பது குறைந்தபட்சம். இடைப்பட்ட காலத்தில் குறைவாகக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் தொழிலாளர் இலாகாவுக்குப் போனால், ஓர் ஊழியருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, பாக்கியும் கொடுக்கச் சொல்வார்கள். பயமுறுத்தவில்லை, கூட்டத்தில் சொல்ல உதவும் என்பதற்காகச் சொல்கிறேன். ‘பழையதைக் கேட்கமாட்டேன்’ என்று அவரிடம் கையெழுத்து வாங்கும் யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மணிக்கணக்கைப் போட்டு, வித்தியாசம் எவ்வளவு என்று தாளில் எழுதி, மாதம் 200, 300 என்று தவணையில் தீர்க்கிறோம் என்று அவரிடம் நேராகப் பேசுங்கள். பேசும்போது தலைமையாசிரியரும் கூட இருக்கட்டும், அவர் வீட்டிலிருந்து யாரையாவது அழைத்துவர விரும்பினால் வரட்டும். இபிஎஃபும் சொக்சோவும் ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். முதல் மாத ரசீதின் நகல் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.